கடைசி மணி அடித்த பிறகு

அவைக்குத் தலைமையேற்று, மேசைமேல் இருக்கும் கைமணியை எப்போது அடிக்கலாம் என்று என்னையே பார்த்துக்கொண்டிருக்கும் எங்கள் தலைமையாசிரியை அம்மா அவர்களே! எனக்கு முன்னால் பேசி, நான் சொல்ல வைத்திருந்ததையெல்லாம் தானே சொல்லித் தீர்த்துவிட்டுப் புன்னகையோடு அமர்ந்திருக்கும் என் அணித் தலைவர் மருந்துக்கடை அண்ணன் அவர்களே! எதிர் அணியில் வீற்றிருந்து, நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் என் கருத்தைக் கேட்காமல் என் கடைவாய்ப் பல்லையே பார்க்கும் பல் டாக்டர் அவர்களே! கற்பித்துக் கற்பித்துக் குரல் கம்மிப்போன ஆசிரியப் பெருமக்களே! பிள்ளையின் மதிப்பெண்ணைப் பிள்ளையைவிட நன்றாக மனப்பாடம் செய்து வைத்திருக்கும் தந்தையரே! அந்தத் தந்தையரையும் சேர்த்தே வளர்த்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே! இன்னும் சில வாரங்களில் எங்கள் கையை உதறிவிட்டு ஓடப்போகும் மாணவச் செல்வங்களே! மூன்றாவது வரிசையில், தூணுக்குப் பின்னால், என் கண்ணில் படக்கூடாது என்றே இடம் பிடித்து உட்கார்ந்திருக்கும் என் ஒரே மகளே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கத்தை வாய் நிறையச் சொல்லிக்கொள்கிறேன்.

என்னைத் தெரியாதவர்கள் இந்த மண்டபத்தில் குறைவு. உங்களில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் நான். ஸ்டியரிங் உங்கள் கையில் இருக்கும். பக்கத்து இருக்கையில் நான் இருப்பேன். என் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். நீங்கள் மிதிக்க மறந்ததை நான் மிதிப்பேன். அதனால்தான் எனக்குப் 'பிரேக் அக்கா' என்று பெயர் வைத்தீர்கள். பெயர் வைத்தவர் யார் என்பதும் எனக்குத் தெரியும். அதோ, கடைசி வரிசையில் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாரே, பேக்கரி அண்ணன், அவர்தான். சிரியுங்கள் அண்ணே. உங்கள் கதையும் இந்தப் பேச்சில் வரப்போகிறது.

இன்றைய தலைப்பு என்ன? பிள்ளையைப் பக்கத்துக் கல்லூரியில் சேர்ப்பதா, பிடித்த கல்லூரியில் சேர்ப்பதா? மேடையைப் பாருங்கள். வலப்பக்கம் பக்கத்துக் கல்லூரி அணி, இடப்பக்கம் பிடித்த கல்லூரி அணி. நான் வலப்பக்கம். பக்கத்துக் கல்லூரியே நல்லது என்று பேசப் பெயர் கொடுத்திருக்கிறேன். நானாகத்தான் கொடுத்தேன், யாரும் வற்புறுத்தவில்லை.

உங்களுக்கு இது தலைப்பு. எனக்கு இது தலைவலி. ஏன் என்று கேட்கிறீர்களா? என் மகளுக்கு இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்திருக்கிறது. ஒன்று, எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்றால் தெரியும். இன்னொன்று, ரயிலில் ஏறினால் ஒரு பகல் முழுக்கப் போக வேண்டும். அந்தத் தூரத்துக் கல்லூரியில், இன்று மாலைக்குள் பெற்றோரே போன் செய்து 'வருகிறோம்' என்று சொல்ல வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். சொல்லாவிட்டால் அந்த இடம் அடுத்துக் காத்திருக்கும் பிள்ளைக்குப் போய்விடும். போன் இதோ என் கைப்பையில் இருக்கிறது. நான் இன்னும் பேசவில்லை. அதனால் என் மகள் என்னோடு பேசவில்லை.

அவளுடைய அப்பாவைக் கேட்கலாமே என்பீர்கள். கேட்டேன். அவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். மேலே போவார், கீழே போவார், நடுவிலும் நிற்பார், முடிவுக்கு மட்டும் வரமாட்டார். "நீயே பார்த்து சொல்லும்மா, நீதான் ஊர் உலகம் தெரிஞ்சவ" என்று சொல்லிவிட்டுக் கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். ஆகவே அந்த ஒரு வார்த்தை என் வாயில் இருக்கிறது.

சரி, என் அணிக்கு நான் விசுவாசமாக இருக்க வேண்டும். பக்கத்துக் கல்லூரியின் பெருமையைப் பேசுகிறேன், கேளுங்கள்.

அடடா, என்ன கட்டடம்! என்ன கண்ணாடி! வாசலில் நின்று பார்த்தால் உங்கள் முகமே உங்களுக்குத் தெரியும், அதுவும் கொஞ்சம் ஒல்லியாகத் தெரியும். டை கட்டிய தம்பி ஒருவர் எங்களுக்குச் சுற்றிக் காட்டினார். குளுகுளு வகுப்பறை, பளபளக்கும் ஆய்வகம், தண்ணீர் தளும்பும் நீச்சல் குளம். எதைக் காட்டினாலும் "இது இந்த வட்டாரத்துலயே பெருசு மேடம்" என்றார். கழிப்பறையைக் காட்டியபோதும் அதையேதான் சொன்னார்.

நான் எந்தக் கல்லூரிக்குப் போனாலும் ஒரே கேள்விதான் கேட்பேன். கட்டணம் எவ்வளவு என்று கேட்கமாட்டேன், அதை அவர்களே சொல்லிவிடுவார்கள். நான் கேட்பது இதுதான். "தம்பி, கடைசி மணி அடிச்ச பிறகு பசங்க என்ன பண்ணுவாங்க?"

தம்பியின் முகம் மலர்ந்தது. "மணி அடிச்ச உடனே பஸ் ரெடியா நிக்கும் மேடம். நீங்க போட்டு வச்ச டீ ஆறறதுக்குள்ள பொண்ணு வீட்டுக்கு வந்துடுவா."

எனக்குப் பரம திருப்தி. என் மகளுக்கோ முகம் சுருங்கிப்போயிற்று. போகிற வழியில் ஓர் அறை. கதவில் 'மாணவர் சிந்தனை மன்றம்' என்று பொன்னெழுத்தில் போட்டிருந்தது. கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தோம். வட்டமாகத் தோல் நாற்காலிகள். அழகென்றால் அப்படி ஓர் அழகு. ஆனால் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் உறையை இன்னும் பிரிக்கவில்லை. கதவில் பூட்டு.

"இங்க யாருமே உக்கார மாட்டாங்களா?" என்று கேட்டாள் என் மகள்.

"ஏன் உக்கார மாட்டாங்க? ஆய்வுக்கு வர்ற பெரியவங்க எல்லாம் இங்கதான் உக்காருவாங்க."

"இல்ல, பசங்க. ஏதாவது விஷயத்தைப் பத்திப் பேசி, வாதாடி, சண்டை போட்டு..."

"சேச்சே! சண்டையெல்லாம் கிடையாதும்மா. ரொம்ப ஒழுக்கமான காலேஜ்."

சிரிக்காதீர்கள். அன்றைக்கு நான் சிரிக்கவில்லை. தம்பி சொல்வது நியாயம்தானே என்று தலையாட்டினேன். மருந்துக்கடை அண்ணே, நிம்மதியாக இருங்கள், நான் இன்னும் உங்கள் அணியில்தான் இருக்கிறேன்.

அடுத்த வாரம் தூரத்துக் கல்லூரிக்குப் போனோம். குறை கண்டுபிடிக்கத்தான் போனேன். குறை கண்டுபிடிப்பதுதானே என் தொழில்? கண்ணாடி பார்க்கவில்லை, கை காட்டவில்லை, கிளட்சைப் பட்டென்று விட்டுவிட்டாய் என்று நாள் முழுக்கச் சொல்கிறவள் நான். அந்தக் கல்லூரியில் கண்ணை மூடிக்கொண்டே குறை கண்டுபிடிக்கலாம்! சுவரில் பெயிண்ட் உரிந்திருந்தது. நூலகத்தில் கூரை ஒழுகி, ஒழுகும் இடத்தில் ஒரு வாளி வைத்திருந்தார்கள். அந்த வாளியை ஒட்டி உட்கார்ந்து ஒரு பையன் படித்துக்கொண்டிருந்தான், நகரக்கூட இல்லை. சுற்றிக் காட்ட ஆளில்லை. அலுவலகத்து அம்மா, "நீங்களே சுத்திப் பாருங்க, எங்கயும் பூட்டு இல்ல" என்றார். எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. இதற்கு 'வேண்டாம்' என்று சொல்ல நாக்கைக்கூட அசைக்க வேண்டாம் என்று நினைத்தேன்.

அப்போது கடைசி மணி அடித்தது.

நான் வாசலைப் பார்த்தேன். வருவார்கள், பார்க்கலாம் என்று நின்றேன். வாசலுக்கு யாரும் வரவில்லை! வகுப்பறைகளிலிருந்து நாற்காலிகள் வெளியே வந்தன. ஆளுக்கொரு நாற்காலியைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு பிள்ளைகள் மாடிப்படிக்குக் கீழே, சைக்கிள் நிறுத்துமிடத்துக்கு ஓடினார்கள். கணக்குப் படிக்கிறவள் ஓடினாள், வரலாறு படிக்கிறவன் ஓடினான், பூச்சிகளைப் பற்றிப் படிக்கிற சோடாபுட்டிக் கண்ணாடி ஒன்றும் தட்டுத் தடுமாறி ஓடிற்று. எதிரெதிராக இரண்டு வரிசை போட்டார்கள். வாத்தியார் யாரும் வரச் சொல்லவில்லை. வருகைப்பதிவு இல்லை. மதிப்பெண்ணும் இல்லை.

அந்தச் சோடாபுட்டிப் பெண் நடுவில் வந்து நின்றாள். முதலாண்டு மாணவி. அன்று காலையில் ஆய்வகத்தில் மைக்ரோஸ்கோப்பைக் கீழே போட்டு உடைத்திருக்கிறாள். நம் வீட்டுப் பிள்ளையாக இருந்தால் என்ன செய்யும்? போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அழும். அவள் என்ன செய்தாள் தெரியுமா? "நான்தான் உடைச்சேன். ஆனா அதை எப்படிப் பிடிக்கணும்னு எனக்கு யாரும் சொல்லித் தரல. கத்துக்கிறவங்க பண்ற தப்பு யாரோட தப்பு? இன்னைக்கு இதைப் பேசலாம்" என்றாள். தன் தலைமேல் விழுந்த பழியைத் தானே அன்றைய தலைப்பாக வைத்தாள்.

கற்றுக்கொள்பவருடைய தப்புதான் என்றது ஒரு வரிசை. கற்றுக்கொடுப்பவருடைய தப்புதான் என்றது எதிர் வரிசை. ஆஹா, அது பேச்சு! அனல் பறந்தது. ஒருவர் பேசும்போது மற்றவர்கள் அவர் வாயைப் பார்த்துக்கொண்டு கேட்டார்கள். அடுத்து என்ன சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டே கேட்பதுபோல் நடிப்பது நம் வழக்கம். அவர்கள் நிஜமாகக் கேட்டார்கள். வரலாறு படிக்கிற பையன் எழுந்து நின்று, கற்றுக்கொடுப்பவர்களை வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தான். பாதியில் எதிர்வரிசையில் யாரோ ஒரு வார்த்தை சொன்னார்கள். பையன் தலையைச் சொறிந்தான். "அட, நான் இதை யோசிக்கவே இல்லையே" என்றான். தன் நாற்காலியைத் தூக்கினான். எதிர்வரிசையில் கொண்டுபோய்ப் போட்டு உட்கார்ந்தான்.

உடனே எல்லோரும் கை தட்டினார்கள். எப்படி? தூண் அதிரத் தட்டினார்கள்!

எனக்கு வந்ததே கோபம்! பாவம் அந்தப் பையன், தோற்றுப்போனவனைப் பார்த்து இப்படியா கேலி செய்வது என்று நடுவில் புகுந்துவிட்டேன். "என்னப்பா இது? தோத்தவனைப் பார்த்துக் கை தட்டறீங்க? அவன் மனசு என்ன பாடுபடும்? படிக்கிற பிள்ளைங்கதானே நீங்க?"

அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். என் மகள் என் சேலையைப் பிடித்து இழுத்தாள். ஒரு ஒல்லிப் பெண், ஊதினால் பறந்துவிடுவாள், எழுந்து வந்தாள். "அம்மா, அவன் தோக்கல, மாறிட்டான். மாறினவங்களுக்குத்தான் நாங்க கை தட்டுவோம். ஜெயிச்சவங்களுக்குத் தட்டறதில்ல. மாறினா அவங்கவங்க நாற்காலியை அவங்களேதான் தூக்கணும், யாரும் உதவக்கூடாது. அவ்வளவுதான் இங்க விதி."

மாறினவருக்குக் கைதட்டு! தாய்மார்களே, இந்த வயது வரை நான் என் வீட்டிலே கேட்டதில்லை, வீதியிலே கேட்டதில்லை, எந்த மேடையிலும் கேட்டதில்லை. நாமெல்லாம் சொன்னதைச் சாதித்தவருக்குத்தானே தட்டிப் பழகியவர்கள்?

ஒல்லிப் பெண் விடவில்லை. "நீங்களும் உக்காருங்கம்மா. எந்தப் பக்கம்?" என்றாள். எனக்கு ஒரு நாற்காலி வந்தது. நானா சளைத்தவள்? கற்றுக்கொடுப்பவர் தப்பு என்ற வரிசையில் போட்டு உட்கார்ந்தேன். "நான் வண்டி ஓட்டச் சொல்லித் தர்றவ. என் வண்டியில எனக்கும் ஒரு பிரேக் இருக்கு. பிரேக் யார் காலடியில இருக்கோ, தப்பு அவங்களோடதுதான். பேச்சே கிடையாது" என்றேன். சொல்லிவிட்டு ஒரு கம்பீரத்தோடு சுற்றிலும் பார்த்தேன். பல பேர் தலையாட்டினார்கள்.

ஒல்லிப் பெண் ஒரு நிமிடம் யோசித்தாள். பிறகு ரொம்ப மரியாதையாகக் கேட்டாள். "அப்போ உங்ககிட்ட கத்துக்கிட்டவங்க பண்ற தப்பு, எந்த நாள்ல இருந்தும்மா அவங்களோடதா ஆகும்?"

வாயைத் திறந்தேன். வாயில் ஒன்றும் இல்லை. பல் டாக்டர் அவர்களே, நீங்கள் பார்த்திருந்தால் பல் மட்டும் தெரிந்திருக்கும்.

யாரும் சிரிக்கவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். எல்லோரும் காத்திருந்தார்கள். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று, எனக்காக, அத்தனை இளசுகளும் காத்திருந்தார்கள்! என் பதிலுக்காக யார் காத்திருந்தார்கள் இதுவரை? சாப்பாட்டுக்குக் காத்திருந்திருக்கிறார்கள். சாவிக்குக் காத்திருந்திருக்கிறார்கள். கையெழுத்துக்குக் காத்திருந்திருக்கிறார்கள். நான் யோசிக்கட்டும் என்று எவர் காத்திருந்தார்? "யோசிச்சு சொல்றேன்" என்று முணுமுணுத்தேன். "சரிம்மா, அடுத்த வாட்டி வரும்போது சொல்லுங்க" என்றாள் அவள், அடுத்த வாட்டியும் நான் வருவேன் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லாததுபோல.

அங்கேதான் அவையோரே, என் வயிற்றில் தீப்பிடித்தது. பொறாமை! பச்சையாகச் சொல்கிறேன், பொறாமை! புகைச்சல், பொருமல், வயிற்றெரிச்சல், என்ன பெயர் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். யார்மேல்? பக்கத்து வீட்டுக்காரி மேலா? பணக்காரி மேலா? பெற்ற மகள்மேல்! நான் சுமந்து, நான் பெற்று, நான் பள்ளிக்கூட வாசலில் கண்ணைத் துடைத்து அனுப்பிய என் மகள்மேல்! ஏன் அம்மா உச்சுக் கொட்டுகிறீர்கள்? உங்களுக்கு வந்ததில்லையா? வந்திருக்கும். வெளியே சொல்லியிருக்கமாட்டீர்கள். நான் மைக் கிடைத்ததால் சொல்கிறேன்.

நானும் கல்லூரியில் படித்தவள்தான். எப்படிப் படித்தேன்? அவர்கள் சொல்லச் சொல்ல எழுதினேன், எழுதியதைத் திருப்பி எழுதினேன், திருப்பி எழுதியதற்கு மதிப்பெண் வாங்கினேன். கேள்வித்தாளில் இல்லாத ஒரு கேள்வியை நான் கேட்டதுண்டா? ஒரே ஒரு தடவை உண்டு. வணிக வகுப்பில், வாடிக்கையாளர் சொல்வதே எப்போதும் சரி என்று எழுதிக்கொள்ளச் சொன்னார்கள். மணி அடித்து வெளியே வந்ததும் நானும் என் தோழியும் படிக்கட்டில் சண்டை பிடித்துக்கொண்டோம். எப்படி எப்போதும் சரியாகும்? தப்பான மருந்தைக் கேட்டால்? பக்கத்துக் கடைக்காரனைக் கெடுக்கச் சொல்லிக் கேட்டால்? அவள் ஒன்று சொன்னாள், நான் ஒன்று சொன்னேன். எங்கள் இருவருக்கும் முகம் சிவந்துவிட்டது. அப்படி ஒரு சந்தோஷம். அதற்குள் காவலாளி சாவிக் கொத்தைக் குலுக்கிக்கொண்டு வந்துவிட்டார். "வீட்டுக்குப் போய்ப் பேசிக்குங்கம்மா."

வீட்டுக்குப் போய் யாரிடம் பேசுவது? வீட்டில் துலக்க வேண்டிய பாத்திரம்தான் இருந்தது. அவள் பேருந்து வந்தது, அவள் போனாள். என் பேருந்து வந்தது, நான் போனேன். படிப்பு முடிந்தது, அவள் ஒரு திசை, நான் ஒரு திசை. அந்தச் சண்டை இன்றுவரை முடியவில்லை ஐயா! இன்றைக்கும் தகராறு செய்கிற வாடிக்கையாளர் யாராவது என் வண்டியில் ஏறினால், அவளுக்குச் சொல்ல வேண்டிய பதில் எனக்குத் தொண்டை வரைக்கும் வருகிறது. கேட்பதற்கு அவள் இல்லை.

அப்படிப்பட்டவளை அந்த மாடிப்படிக்குக் கீழே கொண்டுபோய் நிறுத்தினால், வயிறு எரியுமா எரியாதா?

திரும்பி வரும்போது ரயிலில் என் மகளின் கண் மின்னிக்கொண்டிருந்தது. மைக்ரோஸ்கோப், தப்பு, பொறுப்பு என்று எதிர் இருக்கைக்காரரையும் இழுத்து வைத்து வாதாடிக்கொண்டே வந்தாள். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "அந்தக் காலேஜ் வேணாம்" என்றேன். தூரம் என்றேன். கூரை ஒழுகுகிறது என்றேன். வேலை கிடைக்காது என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அம்மா, நீ சொன்னதுல ஒண்ணுகூட உன் காரணம் இல்ல."

"பின்ன என்ன காரணம்டி?"

"உனக்கு அங்க ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. அதான் வேணாங்கற."

என் வயிற்றில் பிறந்தவளுக்கு என் வயிறு எரிவது தெரியாதா? அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. ஆனால் அந்த ஒல்லிப் பெண்ணோடு போனில் பேசுகிறாள். மணிக்கணக்காகப் பேசுகிறாள், சிரிக்கிறாள், "அதெப்படி, நான் ஒத்துக்க மாட்டேன்" என்கிறாள். நான் அடுத்த அறையில் துணி மடிக்கிற சாக்கில் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறேன். எதை ஒத்துக்கொள்ளமாட்டாளாம்? என்னிடம் சொன்னால் நானும் ஒத்துக்கொள்ளமாட்டேனே! ஒரே சட்டையை எத்தனை தடவை மடிப்பது?

இந்தப் பொருமலோடுதான் இந்த அணிக்குப் பெயர் கொடுத்தேன். எனக்குக் கிடைக்காதது உனக்கு மட்டும் எதற்கு என்று கேட்கும் பொருமல்.

இப்போது பேக்கரி அண்ணன் கதைக்கு வருகிறேன். ஒளியாதீர்கள் அண்ணே. அவர் தேர்வு எழுதி, ஓட்டிக் காட்டி, உரிமம் வாங்கிப் பல வருஷம் ஓடிவிட்டது. சொந்தக் கார் வாசலில் நிற்கிறது. இன்னமும் வாரத்துக்கு ஒரு நாள் என் பயிற்சி வண்டியில்தான் ஏறுகிறார். அவர் தனியாக ஓட்டுவதில்லை. நேற்று அவரிடம், எங்கோ ஓர் ஒல்லிப் பெண் என்னைக் கேட்டதை நான் கேட்டேன். "அண்ணே, எந்த நாள்ல இருந்து உங்க தப்பு உங்களோடதா ஆகும்?"

"அய்யய்யோ, அப்படி ஒரு நாள் வேணாம் அக்கா. நீங்க பக்கத்துல இருந்தா எனக்குப் பிரேக் ஞாபகமே வர்றதில்ல. நிம்மதியா இருக்கு" என்றார்.

அவர் நிம்மதியாகத்தான் சொன்னார். எனக்கோ பகீரென்றது. பிரேக் ஞாபகமே வருவதில்லையாம்! நல்ல மனிதர், கெட்டிக்காரர், விடியும் முன்பே எழுந்து ஊருக்கே ரொட்டி சுடுகிறவர். அவருக்கு ஏன் ஞாபகம் வரவில்லை? அவர் மிதிப்பதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் நான் மிதித்துவிடுகிறேன். இத்தனை வருஷத்தில் ஒருநாளும் நான் காலை எடுக்கவே இல்லை. பிறகு எப்படி...

மணி அடித்துவிட்டீர்களா அம்மா? நேரம் முடிந்ததா?

கடைசி மணி! தலைமையாசிரியை அம்மா அவர்களே, உங்கள் மணிக்கு நான் தலை வணங்குகிறேன். ஆனால் கடைசி மணி அடித்த பிறகு என்ன செய்கிறோம் என்பதுதானே அம்மா இவ்வளவு நேரம் நான் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி? ஒரு நிமிடம் கொடுங்கள். சாவிக் கொத்தைக் குலுக்கிவிடாதீர்கள்.

பெற்றோரே! கல்லூரி பார்க்கப் போகிறீர்கள். கட்டடத்தைப் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆய்வகத்தைப் பாருங்கள். ஆனால் கடைசி மணி அடிக்கும்வரை காத்திருங்கள்! மணி அடித்ததும் பிள்ளைகள் வாசலுக்கு ஓடுகிறார்களா, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஒருவரை ஒருவர் தேடி ஓடுகிறார்களா என்று பாருங்கள். அங்கே பேசப்படுவது புரிகிறதா என்று கவலைப்படாதீர்கள். உங்கள் வயிறு எரிகிறதா என்று மட்டும் கவனியுங்கள். எந்த வாசலில் நிற்கும்போது, ஐயோ எனக்கு இது கிடைக்கவில்லையே என்று உங்கள் அடிவயிறு அலறுகிறதோ, எந்தப் படிக்கட்டைப் பார்க்கும்போது பெற்ற பிள்ளைமேலேயே உங்களுக்குப் பொறாமை பொங்குகிறதோ, அதுதான் கல்லூரி! கண்ணாடிக் கட்டடத்தில் எனக்குப் பொறாமை வரவில்லை. நீச்சல் குளத்தருகில் வரவில்லை. ஒழுகும் கூரையின்கீழ் வந்தது. என் பொறாமையைவிடச் சரியாக எந்த விளம்பரம் எனக்கு வழி சொன்னது?

பொறாமை வரட்டும். வந்தால் பிரேக்கை மிதிக்காதீர்கள். மிதித்தால் என்ன ஆகும் என்பதற்குக் கடைசி வரிசையில் என் அண்ணன் சாட்சியாக உட்கார்ந்திருக்கிறார். அண்ணே, நாளைக்கு உங்கள் சொந்தக் காரை எடுங்கள். பக்கத்தில் நான் வருகிறேன். அந்த வண்டியில் என் பக்கம் பிரேக் கிடையாது. இருவருக்கும் நடுக்கமாகத்தான் இருக்கும், வாருங்கள்.

மருந்துக்கடை அண்ணே, என்னை மன்னித்துவிடுங்கள். உங்கள் முகம் மாறுவது தெரிகிறது. கொஞ்சம் எழுந்து வழி விடுங்கள், என் நாற்காலியை எடுக்க வேண்டும். இல்லை, மைக் செட் தம்பி, நீங்கள் பிடிக்க வேண்டாம். உதவிக்கு யாரும் வரக்கூடாது, அதுதான் விதி. இரும்பு நாற்காலிதான், பரவாயில்லை, வாடகைக்கு எடுத்ததால் கொஞ்சம் கனக்கிறது. டாக்டர் அவர்களே, உங்கள் வரிசையில் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். பிடித்த கல்லூரி அணிக்கு நான் வருகிறேன்.

மகளே! உன் தோழியிடம் சொல், 'அடுத்த வாட்டி' என்றாளே, என்னிடம் பதில் இருக்கிறது. எந்த நாளிலிருந்து என்று கேட்டாள். நான் பிரேக்கிலிருந்து காலை எடுக்கிற நாளிலிருந்து என்று சொல். இன்று மாலை என்று சொல். மேடையை விட்டு இறங்கியதும் போன் செய்கிறேன். 'வருகிறோம்' என்று சொல்லமாட்டேன். 'வருகிறாள்' என்று சொல்வேன். அப்படிச் சொல்லும்போது வயிறு எரியும். எரியட்டும், தண்ணீர் கொண்டுவர வேண்டாம். ஆனால் ஒன்று, விடுமுறைக்கு நீ வரும்போது, அந்த மாடிப்படிக்குக் கீழே யார் என்ன சொன்னார்கள், யார் நாற்காலியைத் தூக்கினார்கள் என்று ஒரு வார்த்தை விடாமல் என்னிடம் சொல்ல வேண்டும். நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். சண்டை போடுவேன். விடியவிடியப் போடுவேன். என் தோழியோடு முடிக்காத சண்டையையும் சேர்த்து உன்னோடு போடுவேன்.

யார் அது, முதலில் கை தட்டுவது? தூணுக்குப் பின்னாலிருந்தா சத்தம் வருகிறது? தட்டடி! இன்னும் கொஞ்சம் பலமாகத் தட்டு, அம்மாவுக்குக் கேட்கட்டும்!

மணி அடித்த பிறகும் பொறுத்துக்கொண்ட தலைமையாசிரியை அம்மா அவர்களுக்கும், பாதியில் விட்டுப்போன என்னை இன்னும் முறைக்காத என் பழைய அணிக்கும், இடம் விட்ட புதிய அணிக்கும், கேட்டிருந்த உங்கள் எல்லோருக்கும் என் நன்றி. இரண்டு கையிலும் நாற்காலி இருப்பதால் கும்பிட முடியவில்லை. தலையை மட்டும் தாழ்த்திக்கொள்கிறேன்.